ஜூன் மாதக் கம்பளி

லூதியானாவில் குளிர்காலம் ஏப்ரலில் தொடங்கும்,
நூல்கண்டு ஏற்றிய முதல் டெம்போ
பகதூர் கே சாலையில் திரும்பும்போது.
ஜூனில் வெளியே நாற்பத்தைந்து டிகிரி.
உள்ளே நாங்கள்
சிம்லாவுக்குத் தேவையானதைச் செய்துகொண்டிருப்போம்.

நான் முன்ஷி. பின்னத் தெரியாது. எண்ணுவேன்.
கழுத்துப் பட்டைக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு,
பிசிறு வெட்ட டஜனுக்கு இவ்வளவு.
மின்விசிறி கூடாது, பஞ்சு பறக்கும்.
வெள்ளையில் வியர்வை பட்டால் கழிவு,
மெரூனில் பட்டால் தெரியாது.
அதனாலேயே எனக்கு மெரூன் பிடிக்கும்.

இந்த வருஷம் என்ன நிறம் ஓடும் என்று
டெல்லி வியாபாரிகள் போனில் கேட்பார்கள்.
பாலத்தில் நின்று
புட்டா நாலாவைப் பார்த்துச் சொல்வேன்.
ஊர் உடுத்தும் முன்பே
சாயப்பட்டறைகள் அந்தச் சாக்கடைக்கு
உடுத்திப் பார்த்துவிடும்.
போன வருஷம் கடுகு மஞ்சள்.

நகரம் வளர்கிறது என்று பேப்பரில் வருகிறது.
பொய்யில்லை.
நான் சேர்ந்தபோது கையால் இழுக்கும் மெஷின் பன்னிரண்டு,
இழுக்கப் பன்னிரண்டு பேர்.
இப்போது கம்ப்யூட்டர் மெஷின் நான்கு.
பழுதானால் சீன எழுத்தில் ஏதோ சொல்லும்.
அது என்ன சொல்கிறது என்று அறிந்தவன்
அராரியாவிலிருந்து வந்த பேச்சன் ரிஷிதேவ் ஒருவன்தான்.
இந்தி எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.
"இந்த வீடு போன்ற எழுத்து வந்தால்
ஊசி உடைந்திருக்கிறது, முன்ஷிஜி.
குடை வந்தால் நூல்."

ஒரு ஜனவரியில்
டெல்லி நடைபாதையில் குளிரில் ஆள் செத்ததாக
டீக்கடை டிவியில் ஓடியது.
மத்தியானத்துக்குள் மூன்று ஆர்டர்.
முதலாளி ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.
தின்றோம்.
யாரும் யார் முகத்தையும் பார்க்காமல்
விரலைத் துடைத்துக்கொண்டோம்.

இந்த முறை டிசம்பர் வந்தது,
மூடுபனி வரவில்லை.
விடியலில் திலக்ராஜ் தாப்பர் மொட்டைமாடியில் ஏறி
சட்டைக் கையைச் சுருட்டி நீட்டுவார்.
ரோமம் நிற்கிறதா என்று பார்ப்பார்.
நிற்காது.
கீழே வந்து என்னிடம் கேட்பார்,
"உனக்காவது குளிர்கிறதா?"
"கொஞ்சம்" என்பேன்.
இருபது வருஷக் கணக்கில்
அறிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.
அல்லது, அப்போது வரை.

மலைமேல் இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடம்
தன் ஆர்டரை ரத்து செய்தது.
எண்ணூறு மெரூன், எல்லாம் சைஸ் முப்பத்தெட்டு,
மார்பில் ஒரு மான்,
மானின் காலடியில் லத்தீனில் ஒரு வரி.
வேறு எவனுக்கு விற்பது அதை?
சம்பள பாக்கிக்குப் பணம் இல்லை, சரக்கு இருக்கிறது
என்றார் தாப்பர்.
தலைக்கு நாற்பது.
பேச்சன் ஒன்றும் சொல்லவில்லை.
மூட்டையைத் தூக்கி எடை பார்த்தான்,
தன் நான்கு மாதத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல.
பூர்ணியா ரயிலில் அதன்மேலேயே படுத்துப் போனான்.

பிப்ரவரியில் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான்.
வயல் வரப்பில் வரிசையாகப் பிள்ளைகள்.
எல்லார் நெஞ்சிலும் மான்.
கைகள் விரலைத் தாண்டித் தொங்குகின்றன,
சிலதுக்கு ஸ்வெட்டரே முழங்கால்வரை.
கடைசியில் ஒரு ஆடு,
அதற்கும் போட்டிருக்கிறார்கள்.
"விற்கலையா?" என்று கேட்டேன்.
"பதினைந்து ரூபாய்க்குக் கேட்டான்" என்று பதில் வந்தது.
"ஒரு கழுத்து சேர்க்கும் கூலி அது.
மனசு வரலை."

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன்.
என்ன செய்ய, கை பழக்கம்.
நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன், ஆட்டைச் சேர்த்து, சேர்க்காமல்.
சேர்த்தால் நாற்பத்தொன்று.

பேரேட்டைத் திறந்து
பழைய தேதியில்,
அவன் எழுத்தைவிடச் சின்னதாக எழுதினேன்:
மெரூன், சைஸ் முப்பத்தெட்டு, ஒன்று.
வியர்வைக் கறை. கழிவு.